கோமதிநாயகத்தின் நன்னடத்தை

இங்க யாராவது வர்றாங்களா சார்? இல்லியே? அப்ப நான் உக்காந்துக்கறேன். ராஜபாளையந்தானே போறீங்க? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம எனக்கு பஸ்ல உக்கார முடியாது, தலை வலி வந்துடும்.

என்னைப் பாத்தா என்ன உத்தியோகம்னு தோணுது உங்களுக்கு? போலீஸ்னு சொல்லுவாங்க சில பேரு. இன்சூரன்ஸ் ஏஜெண்டான்னு ஒருத்தர் கேட்டாரு, அவர்கிட்ட நான் அப்புறம் பேசல. நான் நன்னடத்தை அலுவலர் சார். பேரு சிதம்பரநாதன். அப்படின்னா என்னன்னு முழிக்கிறீங்க பாருங்க. எங்க இலாகாவோட தலையெழுத்தே அதான். ஜெயில் தெரியும், கோர்ட் தெரியும், நடுவுல இருக்கற எங்களை ஒருத்தருக்கும் தெரியாது.

சொல்றேன். ஒருத்தன் மேல குத்தம் நிரூபணமாயிடுச்சுன்னு வைங்க. முதல் தடவை, பெரிய குத்தமும் இல்ல, ஆளும் குடும்பஸ்தன். அவனைத் தூக்கி உள்ள போட்டா என்ன ஆகும்? உள்ள இருக்கறவன்கிட்ட நாலு வித்தை கத்துக்கிட்டு வெளிய வருவான். அதனால ஜட்ஜு சொல்லிடுவாங்க, நீ ஜெயிலுக்குப் போக வேண்டாம்பா, வெளியவே இரு, ஒழுங்கா வேலை பாரு, ஒரு வருஷம் இந்த அலுவலர் உன்னைப் பாத்துக்குவாருன்னு. அந்தப் பாத்துக்கற ஆளு நான். போலீஸ் மாதிரி மிரட்டக் கூடாது. கூடப் பிறந்தவன் மாதிரி இருக்கணும். டிரெய்னிங்லயே அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நான் இருந்தேன் சார். அதுக்குத்தான் எனக்கு நல்ல மரியாதை கிடைச்சுது.

கோமதிநாயகம்னு ஒருத்தன். தப்பா நினைக்காதீங்க, தங்கமான பையன். பையன்னா முப்பத்தஞ்சு வயசு இருக்கும். சித்தப்பா மகன்கூட காம்பவுண்டுச் சுவர் தகராறு. ஒரு முழ இடம் இருக்குமா, அதுக்கு. பேச்சு முத்திப் போயி, அந்தச் சித்தப்பா மகன் இவன் பொண்டாட்டியைப் பத்தி ஏதோ அசிங்கமா சொல்லிட்டான். இவன் மம்பட்டிக் காம்பால ஒண்ணு வச்சிட்டான். தோள்பட்டை எலும்பு போச்சு. அவ்வளவுதான் கேஸு. கோர்ட்ல நின்னு, ஆமா அடிச்சேன், தப்புதான்னு ஒத்துக்கிட்டான். ஜட்ஜம்மாவுக்கு மனசு இளகிடுச்சு. எங்கிட்ட ஒப்படைச்சாங்க.

அவன் என்ன பண்ணினான், ஊர்ல தலை காட்ட முடியலைன்னு பாளையங்கோட்டைக்குக் குடி வந்துட்டான். ஒரு ஜவுளிக்கடையில புடவைப் பிரிவுல வேலை. அந்த வேலையில அவன் கெட்டி சார். நானே பாத்திருக்கேன். ஒரு பொம்பளை வந்து ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள, இவங்களுக்கு அரக்கா மாம்பழக் கலரான்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். விரிச்ச புடவையைப் பழைய மடிப்புலயே மடிச்சு வைப்பான். அதட்டல் கிடையாது, சலிப்பு கிடையாது. இப்படி ஒரு ஆள் எப்படி மம்பட்டியைத் தூக்கினான்னு எனக்கே ஆச்சரியம்.

புது ஊரு, ஒருத்தருக்கும் இவனைத் தெரியாது. எனக்கு மனசுல பட்டுச்சு, தெரியாத ஊர்ல ஒருத்தன் தனியாக் கிடந்தா கெட்டுப் போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாமதான் அடிக்கடி போயிக்கிட்டு இருக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

முதல் தடவை கடைக்குப் போனேன். தனியாப் போனா மதிக்க மாட்டாங்கன்னு ஸ்டேஷன்ல சொல்லி ஒரு கான்ஸ்டபிளைக் கூட்டிக்கிட்டேன். முகூர்த்தச் சமயம், கடையில நல்ல கூட்டம். விசாரணையை ரகசியமாத்தான் செய்யணும்னு எங்களுக்கு விதி இருக்கு. நான் விதியை மீறமாட்டேன். முதலாளியைத் தனியாக் கூப்பிட்டேன். தனியான்னா, ஜவுளிக்கடையில ஏது சார் தனி இடம், கல்லாப் பக்கத்துலதான். மெதுவாச் சொன்னேன். ஐயா, உங்க சேல்ஸ்மேன் கோமதிநாயகம் எப்படி நடந்துக்கறான், அவன் கோர்ட்டு உத்தரவுல எங்க மேற்பார்வையில இருக்கறவன்னு. அந்த மனுஷனுக்கு முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கோர்ட்டா, எதுக்குன்னாரு. பயப்படாதீங்க, திருட்டெல்லாம் இல்ல, அடிதடிதான், அதுவும் கோபம் வந்தா மட்டுந்தான் அடிப்பான்னு தைரியம் சொல்லிட்டு வந்தேன். வரும்போது கோமதிநாயகத்துக்கு ஒரு வணக்கமும் வச்சேன். அவன் கையில விரிச்ச புடவை.

அடுத்த தடவை போறேன், ஆளு வேலையில இல்ல. முதலாளி கையை விரிச்சாரு. எனக்கு சங்கடமாப் போச்சு. இப்பத்தான் வந்து சேர்ந்தான், அதுக்குள்ள விட்டுட்டானேன்னு.

அவன் வீட்டுக்குப் போயி புத்தி சொன்னேன். வேலையில நிலைச்சு நிக்கணும் தம்பி, அதான் நன்னடத்தைக்கு முதல் அடையாளம்னு. தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டான். அவன் வீட்டம்மா சண்முகவடிவு காப்பி குடுத்துச்சு. அந்தப் பொண்ணுக்குக் கை நல்ல கை சார், காப்பி பிரமாதமா இருந்துச்சு. குடிச்சிட்டு, வந்ததுதான் வந்தோம்னு அக்கம்பக்கத்துலயும் விசாரிச்சிட்டேன். ஒவ்வொரு வீடா ஏறினேன். ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக் கூப்பிட்டு, இது ரகசியம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் கேட்டேன். தெருவுல ஒருத்தரை விடல. எல்லாரும் நல்ல விதமாத்தான் சொன்னாங்க. குழாயடியில சண்டை போடறானா? இல்ல. குடிக்கிறானா? இல்ல. ஒரு பாட்டிம்மா மட்டும் கேட்டுச்சு, அப்படிப்பட்டவனா இவன், பாத்தா தெரியலியேன்னு. அதான் பாட்டி திருந்தறதுன்னு சொன்னேன்.

மறு தடவை போறேன், வீட்டுல பூட்டு. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாராம். வயசுப் பிள்ளைங்க இருக்கற வீடாம் அவருது. என்ன மனுஷங்க சார். நான் அவ்வளவு நல்ல விதமாச் சொல்லியும் இப்படி. அவரைக் கண்டிச்சுட்டுத்தான் வந்தேன்.

எப்படியோ புது வீட்டைக் கண்டுபிடிச்சேன். எங்கிட்ட சொல்லாம மாத்தக் கூடாதுன்னு நிபந்தனை, அதனால அவனே எழுதிக் குடுத்திருந்தான், அதையும் சொல்லணும். நிபந்தனையில ஒரு நாளும் தவறினதில்ல அவன். அப்ப பாத்திரக் கடையில வேலைக்குச் சேர்ந்திருந்தான். புடவை மடிச்ச கையால எவர்சில்வர் குடத்தைத் துடைச்சுக்கிட்டு நிக்கறான். எனக்குச் சந்தோஷம். அந்தக் கடைக்கும் போனேன். இந்தத் தடவை கான்ஸ்டபிள் வேண்டாம்னு கோமதிநாயகமே கேட்டுக்கிட்டான். சார், நான் வேணா வாராவாரம் உங்க ஆபீஸுக்கு வந்து நிக்கறேன், நீங்க கடைக்கு வர வேண்டாம் சார்னான். நான் சொன்னேன், என்னப்பா நீ, உனக்கு எதுக்கு அலைச்சல், நான் எதுக்கு இருக்கேன்னு. கான்ஸ்டபிளை மட்டும் விட்டுட்டுப் போனேன். அவன் பேச்சுக்கும் ஒரு மதிப்புக் குடுக்கணுமில்ல.

அங்கயும் நிக்கல. அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்துல மேனேஜருக்கு உதவியா இருந்தான், அங்கயும் நிக்கல. நான் அறிக்கையில எழுதினேன் சார், மனசு கேக்காமத்தான் எழுதினேன். நடத்தையில் குறை இல்லை, ஆனால் ஓரிடத்தில் நிலைத்து வேலை செய்யும் மனப்பக்குவம் இல்லை, வசிப்பிடத்தை அடிக்கடி மாற்றுகிறார்னு. உள்ளதை உள்ளபடி எழுதணும். நமக்குப் பிடிச்சவன்கறதுக்காக மறைக்கக் கூடாது.

குடும்பச் சூழ்நிலையையும் பாக்கணும் இல்லியா. மகள் ஒண்ணு, மூணாம் கிளாஸ் படிக்குது. அந்த ஸ்கூலுக்குப் போனேன். டீச்சரைப் பாத்து, பிள்ளை எப்படிப் படிக்குது, வீட்டுல அப்பா அடிக்கிற மாதிரி எதாவது சொல்லுதான்னு விசாரிச்சேன். பிள்ளையையும் கூப்பிட்டு விட்டாங்க. ரெட்டைச் சடை, நல்ல சூட்டிகையான பிள்ளை. பயப்படாத பாப்பா, அப்பாவைத் திருத்தற மாமா நான்னு சொன்னேன். டீச்சர் முன்னாடி, மத்தப் பிள்ளைங்க முன்னாடி, சிரிச்ச முகமாத்தான் சொன்னேன். பிள்ளைங்ககிட்ட மறைச்சுப் பேசக் கூடாது.

அந்த வாரம் வீட்டுக்குப் போனா சண்முகவடிவு வாசல்லயே நின்னுச்சு. உள்ள வாங்கன்னு சொல்லல. காப்பி இல்ல. "சார், உங்களுக்குக் கோடிப் புண்ணியம், இனிமே இங்க வராதீங்க. நீங்க வராத மாசம் நாங்க நல்லாத்தான் இருக்கோம். பிள்ளைகூட யாரும் சேர்ந்து உக்கார மாட்டேங்கறாங்க சார்"னு அழுவுது. எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. பாவம், வெளி உலகம் தெரியாத பொண்ணு. அம்மா, நான் வராம இருந்தா யாரும்மா உங்களைப் பாத்துப்பாங்கன்னு சொன்னேன். அதுக்கு அது கதவைச் சாத்திடுச்சு.

இதுக்கெல்லாம் காரணம் என்னன்னு யோசிச்சேன். தூக்கம் வராம யோசிச்சேன் சார். ஜனங்க இவனைச் சரியாப் புரிஞ்சுக்கல. இவன் திருந்திட்டான்கறது நாலு பேருக்குத் தெரியணும். அதுக்கு என்ன வழி? அப்பத்தான் எங்க இலாகாவுல விழிப்புணர்வுக் கூட்டம் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பந்தல், கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க, மைக்கு, பிளெக்ஸ். திருந்தி வாழும் ஒருத்தர் மேடையில பேசணும்னாங்க. நான் கையைத் தூக்கிட்டேன். எங்கிட்ட முத்து மாதிரி ஒருத்தன் இருக்கான்னேன்.

பிளெக்ஸ்ல அவன் போட்டோவைப் பெருசாப் போட வச்சேன். "அன்று அடிதடி, இன்று நன்னடத்தை." வாசகம் என்னோடதுதான். குடிப்பழக்கத்தை எப்படி விட்டேன்னும் ரெண்டு வரி பேசச் சொன்னாங்க. அவன் கேக்கறான், சார், நான் குடிச்சதே இல்லியே, எப்படி சார் விட்டேன்னு பேசறதுன்னு. தம்பி, கேக்கறவங்களுக்குப் பிரயோசனமா இருக்கணும், உன்னைப் பத்தியே நினைச்சுக்கிட்டு இருக்காதன்னு சொன்னேன். மேடை ஏறினான். மைக்கைப் பிடிச்சான். வணக்கம்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிட்டான். முதல் மேடை, கூச்சம் இருக்கத்தானே செய்யும். கை தட்டினாங்க. பிளெக்ஸ் நல்லா வந்திருந்ததால கூட்டம் முடிஞ்சும் எடுக்காம விடச் சொன்னேன். பஸ்ல வர்றவங்க போறவங்க எல்லாம் பாக்கட்டும்னு.

இப்பத்தான் சார் நான் சொல்ல வந்த விஷயம். எனக்கு அவன் செஞ்சதை யார்கிட்டயும் சொல்லி ஆறல. அந்தக் கூட்டம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல எனக்கு கோர்ட்லேர்ந்து கூப்பிட்டு அனுப்பறாங்க. போனா, இவன் நிக்கறான். வக்கீல் கூட வைக்காம, தானே மனு எழுதிக்கிட்டு வந்திருக்கான். என்னன்னு? இந்த நன்னடத்தை எனக்கு வேண்டாம், என்னை ஜெயிலுக்கே அனுப்பிடுங்கன்னு.

எனக்கு எப்படி இருக்கும் யோசிச்சுப் பாருங்க. ஜட்ஜம்மாவே ஆடிப் போயிட்டாங்க. ஏம்பா, வெளிய இருக்கறது நல்லதில்லியா, குடும்பம் இருக்கேன்னு கேட்டாங்க. அவன் மெதுவாத்தான் சொன்னான். "ஜெயில்ல இருக்கறவங்களுக்கு நான் எதுக்கு வந்தேன்னு முதல்லயே தெரிஞ்சிருக்கும்மா. யாரும் வந்து வந்து சொல்ல வேண்டியதில்ல. நான் உள்ள போயிட்டா என் பிள்ளையாவது மாமா வீட்டுல இருந்து படிக்கும். அங்க யாரும் தேடி வர மாட்டாங்க." இப்படிச் சொல்லிட்டு என் பக்கம் திரும்பக்கூட இல்ல.

ஜட்ஜம்மா என் அறிக்கையெல்லாம் எடுத்துவரச் சொல்லி, அங்கயே உக்காந்து படிச்சாங்க. ஒண்ணு விடாம படிச்சாங்க, அது எனக்குப் பெருமைதான். அப்புறம் கேட்டாங்க, இவரு இந்தக் காலத்துல ஏதாவது தப்புப் பண்ணினாரான்னு. இல்லம்மா, ஒரு சின்னத் தப்பும் இல்லன்னேன். குடி? இல்ல. சண்டை? இல்ல. வேலை தெரியாதவரா? நல்ல வேலைக்காரன்மான்னேன். அப்ப ஏன் ஒரு இடத்துலயும் வேலை நிலைக்கலன்னாங்க. அதைத்தாம்மா நானும் தேடிக்கிட்டு இருக்கேன்னேன். கோர்ட்ல யாரோ சிரிச்சாங்க. எதுக்குன்னு தெரியல.

கடைசியில ஜட்ஜம்மா, ஜெயிலும் வேண்டாம், மேற்பார்வையும் வேண்டாம், இவரு நல்லாத்தான் இருக்காரு, இன்னியோட முடிஞ்சதுன்னு உத்தரவு போட்டுட்டாங்க. பாருங்க, ஒரு வருஷத்துல முடியற காரியத்தை நான் அதுக்கு முன்னாலயே முடிச்சிருக்கேன். மேற்பார்வையே தேவையில்லங்கற அளவுக்கு ஒருத்தனைக் கொண்டு வந்திருக்கேன். எங்க மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, இனிமே நீங்க வெளிய எங்கயும் விசாரணைக்குப் போக வேண்டாம் சிதம்பரநாதன், ஆபீஸ்லயே இருங்கன்னுட்டாரு. நான் அலைஞ்ச அலைச்சலைப் பாத்து அவருக்கே இரக்கம் வந்துடுச்சு.

ஆனா இவன் ஒரு வார்த்தை சொன்னானா? நன்றின்னு சொல்ல வேண்டாம். போயிட்டு வர்றேன் சார்னு சொல்லலாமில்ல. கோர்ட் வாசல்ல நான் நிக்கறேன், என்னைப் பாத்ததும் அந்தப் பக்கமா இறங்கி ஓட்டமும் நடையுமாப் போறான். கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தேன் சார். அது வலிச்சுது. இன்னும் வலிக்குது.

அப்புறம் ஊரையும் காலி பண்ணிட்டுப் போயிட்டான். எங்க போனான்னு ஒருத்தரும் சொல்லல. அவன் மச்சினன் வீட்டுல கேட்டேன், கதவைத் திறக்கல. நான் விடுவேனா, அந்தப் பிள்ளை படிச்ச ஸ்கூலுக்குப் போயி, டி.சி. எந்த ஊர் ஸ்கூலுக்குக் குடுத்தீங்கன்னு கேட்டேன். ராஜபாளையம்னாங்க. அதான் லீவு போட்டுட்டு வர்றேன். உத்தரவு முடிஞ்சிருக்கலாம் சார், அன்பு முடியுமா? எப்படி இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டா எனக்கு நிம்மதி. வேலைக்குச் சேர்ந்த இடத்துல முதலாளியையும் பாத்து நாலு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டு வந்துடுவேன்.

உண்மையைச் சொன்னா, நீங்க ஜவுளி மூட்டையோட ஏறினதைப் பாத்துட்டுத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். ராஜபாளையத்துல கடை வச்சிருக்கீங்களா? அப்ப உங்களுக்குத் தெரியாம இருக்காதே. ஒல்லியா, உயரமா, பேச்சு தணிவா இருக்கும், புடவையைப் பழைய மடிப்புலயே மடிப்பான். அப்படி யாராவது புதுசா உங்க ஊர்ல எந்தக் கடையிலயாவது சேர்ந்தானா? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல.

ஒரு போன் பேசணுமா? பேசுங்க, தாராளமாப் பேசுங்க.

முடிஞ்சுதா? மன்னிக்கணும், பக்கத்துலயே உக்காந்திருக்கேனா, காதுல விழுந்துடுச்சு. "இன்னிக்குக் கடையில நிக்காத, பிள்ளையை ஸ்கூல்லேர்ந்து கூட்டிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போ, யார் வந்து தட்டினாலும் திறக்காத. வேலைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாத, நான் இருக்கேன், நாளைக்கு வழக்கம்போல வா"ன்னு சொன்னீங்க. உங்க கடை ஆளா? கடன்காரங்க தொந்தரவோ? பாவம். குடும்பஸ்தன்போல.

சரி, நம்ம ஆளைப் பத்தி எதாவது ஞாபகம் வந்துச்சா? திருப்பூரா? உங்ககிட்டயே வேலை கேட்டு வந்தானா, நீங்க இல்லன்னதும் திருப்பூர் போறேன்னு போயிட்டானா? குடும்பத்தோடயா? பாத்தீங்களா, மறுபடியும் ஊரை மாத்திட்டான். நான் அறிக்கையில எழுதினது எவ்வளவு சரி. டி.சி.கூட வாங்காமப் போயிருப்பான். பரவாயில்ல, திருப்பூர்ல எத்தனை கடை இருந்துடப் போகுது, ஒவ்வொண்ணா ஏறி இறங்கினா கிடைச்சுடுவான். திருப்பூர் போக முதல்ல மதுரை பஸ் பிடிக்கணும், அது எங்க நிக்கும்? இங்கயே இறங்கினா நல்லதா? நீங்களே கண்டக்டர்கிட்ட சொல்றீங்களா? பையையும் எடுத்துக் குடுக்கறீங்களா? ரொம்ப உபகாரம் சார்.

இறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், முகத்துக்கு நேரா புகழறேன்னு நினைக்காதீங்க. கடையில வேலை பாக்கற ஒரு ஆளுக்காக, பஸ்ல போற வழியில போன் போட்டு, பயப்படாத நான் இருக்கேன்னு சொல்றீங்களே, இந்தக் காலத்துல யாரு சார் சொல்றா? கோமதிநாயகத்துக்கு எங்கயாவது உங்களை மாதிரி ஒரு முதலாளி கிடைச்சிருந்தா, அவனுக்கு நான் இவ்வளவு அலைஞ்சிருக்கவே வேண்டியதில்ல.